சீட்டில் பதித்த பெயர்

மஞ்சள் பனியன் போட்டவரை எனக்குப் பிடிக்காது. அவர் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் மூன்று வாரம் நடக்கும் அந்தச் சைக்கிள் பந்தயத்தில் யார் முன்னணியில் இருக்கிறாரோ அவருக்கு அந்தப் பனியனைக் கொடுக்கிறார்கள். ஆள் மாறுகிறார், கேமரா மட்டும் பனியனை விட்டு அசைவதில்லை. நான் பார்க்க விரும்புவது அவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கும் மூன்று நான்கு பேரை. அவர்கள் திரையின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிவார்கள்.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போகும்போது ஆளைப் பின்னால் தள்ளுவது காற்றுதான். முன்னால் போகிறவர் அதைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டால், அவர் முதுகை ஒட்டி வருகிறவருக்கு மிதிப்பது லேசாகிவிடும். அதனால் ஒவ்வொரு அணியிலும் ஜெயிக்க வேண்டியவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அவருக்குக் காற்றை மறைக்க வேண்டியவர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுப்பதும், கடைசி மலையில் மூச்சு முட்டி ஒதுங்கிக்கொள்வதும் அவர்கள்தான். ஒதுங்கும்போது வர்ணனைக்காரர், 'அவர் கதை முடிந்தது' என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். வேலை முடிந்தது என்றல்லவா சொல்ல வேண்டும்? இதை வீடியோவுக்குக் கீழே எழுதிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவேன். யாராவது பதில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அழித்துவிடுவேன்.

இன்னும் சில அபிப்பிராயங்களும் உண்டு. மலையில்லாத தட்டை ரோட்டு நாட்களைத் தூக்கம் வரும் நாட்கள் என்கிறார்கள். எனக்கு அவைதான் பிடிக்கும், காற்றை யார் வாங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒவ்வொருவராகத் தனித்தனியே ஓட்டி நேரம் பார்க்கும் நாளில் நான் அரிசி புடைக்கப் போய்விடுவேன். பந்தயக்காரர்களின் காதில் ரேடியோ ஒன்றை மாட்டி, காரில் உட்கார்ந்தபடி 'இப்போது போ, இப்போது நில்' என்று சொல்லிக்கொடுப்பது கூடாது என்பது என் கட்சி. கண் இருக்கிறது, கால் இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் நான் வாய் திறந்து சொல்வது ஒரே ஒருவரிடம்தான். ஜூலை மாதத்து மழை நாட்களில் மாமா பம்பாயின் மறுகோடியில் இருக்கும் சீத்தா கேம்பிலிருந்து பஸ் பிடித்து எங்கள் தாராவி வீட்டுக்கு வந்துவிடுவார். என் மகன் போனை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போவான். அவனுக்கு கிரிக்கெட் தவிர மற்றதெல்லாம் டைம்பாஸ்.

"மாமா, அந்த வெள்ளச் சட்டைக்காரரப் பாருங்க. காலைலேருந்து அவருதான் முன்னால."

"அவர நான் என்னத்துக்குளா பாக்கணும்? அது எனக்குத் தெரிஞ்ச சோலிதான. ஜெயிக்கிறவன் மூஞ்சியக் காட்டச் சொல்லு. அது எப்பிடி இருக்கும்னுதான் எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் சிரிப்பார். பம்பாயிலிருந்து பூனாவுக்குப் போன பந்தயத்தின் அன்று மத்தியானமும் அவர் இப்படித்தான் சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கீழே வாப்பாவின் தோல் பட்டறை, மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. மாமா உம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பட்டறையில் கட்டிங் டேபிளில் நின்றார். கடைகளுக்குப் பை கொண்டுபோய்ப் போடுவதும் அவர் வேலை. ஒரு நாள் தாதர் பக்கம் பை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனவருக்கு முன்னால் மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு காலேஜ் அண்ணன் பந்தய சைக்கிளில் போயிருக்கிறார். அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டால் மூட்டையின் பாரம் தெரியவில்லை என்று மாமா கண்டுபிடித்தார். சயான் வரை அப்படியே போய்விட்டார். அந்த அண்ணன் திரும்பிப் பார்த்து, கோபப்படாமல், ஞாயிற்றுக்கிழமை வா என்று தன் கிளப்புக்குக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு பழைய பாகங்களாகச் சேர்த்துச் சேர்த்து மாமா தனக்கும் ஒரு பந்தய சைக்கிளைக் கட்டிக்கொண்டார்.

வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. விடியற்காலையில் ஓட்டப் போனவர் பத்து மணிக்கு வந்து கத்தியைப் பிடித்தால் கை நடுங்கும், தோல் கோணலாகும். கடைசியில் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"மாப்ள, இந்தப் பூனா பந்தயம்தான் கடைசி. முன்னால வந்து பேரு வாங்குனியா, நல்லா ஓட்டு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழம மாஹிம்காரன வரச் சொல்லிருக்கேன். சைக்கிளத் தூக்கிக் குடுத்துருவேன்."

மாஹிம்காரர் என்பவர் பழைய சைக்கிள் வாங்கி விற்பவர். மாமா தலையை நிமிர்த்தாமல், "சரி மச்சான்" என்றார்.

பந்தயம் முடிந்ததும் எனக்குச் சைக்கிள் பழக்கித் தருவதாக மாமா சொல்லியிருந்தார். "பொட்டப்புள்ளைக்குச் சைக்கிள் எதுக்கு" என்று உம்மா முனகியதற்கு, "ஒங்களப் பின்னால வச்சு மிதிக்கதுக்குத்தான்" என்று மாமா பதில் சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருந்தார். சைக்கிள் மாஹிமுக்குப் போய்விட்டால் மாமாவின் ஓட்டமும் போச்சு, என் பழக்கமும் போச்சு.

பட்டறை ஆட்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாமா ஜெயிப்பார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள், ஆர்டரில் மிஞ்சிய நல்ல தோலை எடுத்து, சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பட்டறையிலிருந்து போகும் பை எதிலும் எங்கள் பெயர் இருக்காது. கடைக்காரர்கள் தங்கள் பெயர் வெட்டிய அச்சைக் கொடுத்தனுப்புவார்கள். தங்கத் தாளை வைத்து, சூடான அச்சை அழுத்தி, அவர்கள் பெயரைப் பளபளவென்று பதித்து அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில், சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருப்பது ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. தனித்தனி இங்கிலீஷ் எழுத்து அச்சுகளைப் பொறுக்கிச் சேர்த்து மாமாவின் பெயரைத் தங்கத்தில் பதிக்கத் தொடங்கினார்கள்.

பாதியில் வாப்பா வந்துவிட்டார்.

"தங்கத் தாளு என்ன ஒங்க வாப்பா ஊட்டுலேருந்தா வருது?"

எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். வாப்பா சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு கோணலாவா வைப்பாங்க? கொலாபா கடைக்காரனுக்கு இப்பிடி அடிச்சு அனுப்புனா மூஞ்சில வீசுவான்." பிறகு எழுத்துகளை நேராக்கி, அவரே அச்சை அழுத்தினார். அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் தோல் ஏற்றும் டெம்போவில் வாப்பா, நான், பட்டறை ஆட்கள் எல்லோரும் போனோம். ஜெயித்ததும் கொடுக்க ஒரு டப்பா அல்வாவும், மாமாவுக்குப் போட ஒரு சாமந்தி மாலையும் கூட வந்தன. கோப்போலியைத் தாண்டி, கண்டாலா மலை ஏறத் தொடங்கும் இடத்தில் டெம்போவை ஓரங்கட்டினோம். ஏற்றத்தில் வேகம் குறையும், ஆளை நன்றாகப் பார்க்கலாம் என்று டிரைவர் சொல்லியிருந்தார்.

வெயில் ஏறிய பிறகு அவர்கள் வந்தார்கள். கொஞ்சம் பேர்தான், ஒரே கொத்தாக. எல்லோருக்கும் முன்னால் மாமா! வாய் பிளந்து, முகமெல்லாம் உப்புப் பூத்து, யாரையும் பார்க்காமல் மிதித்து வந்தார். அவர் முதுகை ஒட்டியபடி மாட்டுங்கா அண்ணன்.

"மாமாதான் பர்ஸ்ட்டு! மாமாதான் பர்ஸ்ட்டு!" என்று நான் குதித்தேன். பட்டறை ஆட்கள் டெம்போவின் தகரத்தைத் தட்டினார்கள். வாப்பாகூட மாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. மாட்டுங்கா அண்ணனின் பின் சக்கரம் தட்டையாகி, சைக்கிள் ஆடி ஆடி நின்றது. மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சரி, போட்டிக்கு ஒருவர் குறைந்தார் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் நின்றார். இறங்கினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கீழே ஓடி வந்தார்.

"ஏறுங்க."

"நீ என்னடா பண்ணுவே?" என்றார் அந்த அண்ணன்.

"பேசிட்டு நிக்காதீங்க, அவனுவ போறானுவ. ஏறுங்க!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஓடிப்போய் மாமாவின் சைக்கிள் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "தரமாட்டேன். இது எங்க மாமாவோட சைக்கிள். பேரு போட்ருக்கு பாருங்க!" என்று கத்தினேன். பட்டறையில் யாரோடும் சத்தமாகப் பேசாத பெண் நான். நடுரோட்டில் ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் கத்தினேன். மாட்டுங்கா அண்ணன் ஒரு காலைத் தூக்கியபடி திகைத்து நின்றார். மாமா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வலிக்காமல்தான் பிரித்தார். "விடுளா. விடும்மா. டைம் போவுது." அந்த அண்ணன் ஏறிப் போய்விட்டார். உள்ளங்கையைப் பார்த்தேன். தங்கத் துகள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வாப்பா மாலையைப் பிடித்தபடியே நின்றார்.

"ஏல, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

மாமா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மச்சான், டெம்போவுல சொலூஷன் கெடக்கா?"

சொலூஷன் இல்லாத தோல் வண்டி ஏது? பையை ஒட்டுகிற அதே பசையை வைத்து ட்யூபுக்கு ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு காய்வதற்குள் எத்தனையோ பேர் எங்களைத் தாண்டி மலை ஏறிவிட்டார்கள். கடைசியாகப் போனவர் எங்கள் கைதட்டலை எதிர்பார்த்தோ என்னவோ கையை ஆட்டிவிட்டுப் போனார்.

"டெம்போவுல ஏறு. முடிஞ்சு போச்சு" என்றார் வாப்பா.

"பூனா வரைக்கும் போணும் மச்சான்."

"எதுக்கு? பந்தல் பிரிக்கிறதப் பாக்கவா?"

மாமா அந்த அண்ணனின் சைக்கிளில் ஏறினார். அது குட்டை ஆளுக்கான சைக்கிள். மிதிக்கும்போது மாமாவின் முட்டி கைப்பிடியில் இடித்தது. டெம்போ பக்கத்தில் போனபோது வாப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். ஏற்றத்தில் மாமா படும் பாட்டை அவரால் பார்க்க முடியவில்லை போலும்.

"ஏல மாப்ள, பின்னால கம்பியப் புடிச்சுக்கோ. மேல ஏறுனதும் விட்ருலாம். யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாக்கீங்கள்ல" என்றார் மாமா.

வாப்பா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு டிரைவரிடம், வண்டியைப் பின்னால் விடச் சொன்னார். லாரிகள் மாமாவை உரசாமல் இருக்க, விளக்கைப் போட்டுக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் டெம்போ அவர் பின்னாலேயே போனது. எனக்கு இருந்த கோபத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பூனாவில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாப்பா சொன்னது போலவே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் சிறு கூட்டம். நடுவில் மாமாவின் சைக்கிள் சாய்த்து நிறுத்தியிருந்தது. அதன் கைப்பிடியில் மாலை. மாட்டுங்கா அண்ணன் ஜெயித்துவிட்டிருந்தார். போட்ட மாலையைக் கழற்றிச் சைக்கிளுக்கு மாட்டிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேர் குனிந்து சீட்டின் தங்க எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அது சைக்கிள் செய்த கம்பெனியின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து, அருகில் வந்த வாப்பாவிடம், இது எந்தக் கம்பெனி என்று இந்தியில் கேட்டார்.

"பாய், யே கோன்சி கம்பெனி ஹை?"

வாப்பா சைக்கிளைப் பார்த்தார். தூரத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வரும் மாமாவைப் பார்த்தார்.

"தாராவி கம்பெனி" என்றார். அதோடு நிற்காமல், அல்வா டப்பாவைத் திறந்து அந்த ஆளிடம் முதல் துண்டை நீட்டினார்.

மாமா வந்ததும் மாட்டுங்கா அண்ணன் எழுந்தார். கட்டிப்பிடிப்பார், அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "சீட்டு ரொம்ப ஒசரம்டா. மலை பூரா நின்னுண்டேதான் ஓட்டினேன்."

"ஒங்க சைக்கிள் என் முட்டிய ஒடச்சிட்டு."

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. தோற்றுப்போய், பெயரும் வாங்காமல், சைக்கிளும் போகப்போகிற மனிதர் எப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அல்வாவை நான் தொடவில்லை.

திங்கட்கிழமை மாஹிம்காரர் சொன்னபடி வந்தார். நான் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் டயரை அமுக்கிப் பார்த்தார், மணியை அடித்துப் பார்த்தார். கட்டிங் டேபிளில் மாமா தலையைத் தூக்காமல் தோலை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல பாய், இது விக்கிறதுக்கு இல்ல" என்றார் வாப்பா.

"நீங்கதான வரச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப அதுல நம்ம பேருல்லா கெடக்கு. வாங்க, சாயா குடிச்சுட்டுப் போங்க."

மாமாவின் கத்தி ஒரு நொடி நின்று, மறுபடியும் ஓடியது. வாப்பா தான் வைத்த நிபந்தனையையே மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். யாராவது ஞாபகப்படுத்திவிடப் போகிறார்களே என்று பல நாள் அவர் எதிரில் பந்தயம் என்ற வார்த்தையே எடுக்காமல் ஜாக்கிரதையாக இருந்தேன். மாமா அதற்குப் பிறகும் பல வருடம் ஓட்டினார். ஒரு தடவையும் முதலாவதாக வரவில்லை. வாப்பா ஒரு தடவையும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் சீட்டின் எழுத்து மங்கியதும், யாரும் சொல்லாமலே தங்கத் தாளை எடுத்து வைப்பார். செம்பூரில் இருக்கும் அந்த மாட்டுங்கா அண்ணன், இப்போது பேரன் எடுத்துவிட்டார், பெருநாளைக்கு இன்றும் வருகிறார். 'எனக்கு முதல்ல காத்து மறைச்சவரு இவருதான்' என்று, அந்தத் தாதர் மூட்டைக் கதையை மாமா அவரை வைத்துக்கொண்டே சொல்லுவார்.

மாமா வாக்குத் தவறவில்லை. எனக்கு வாடகைக்கு ஒரு குட்டை சைக்கிள் எடுத்துத் தந்தார். சந்துக்குள் விழுந்து எழுந்து ஒருவாறு பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாஹிம் பக்கம், உப்பங்கழியை ஒட்டிப் போகும் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போகவேண்டியதும் அந்தக் காற்றுக்கு எதிராகத்தான். மாமா தன் சைக்கிளில் முன்னால் போனார், நான் பின்னால். அவர் முதுகு சட்டைக்குள் காற்று புகுந்து உப்பியிருந்தது. அதற்குக் கீழே, என் கண்ணுக்கு நேராக, தங்க எழுத்தில் அவர் பெயர்.

எனக்கோ சைக்கிள் பறந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு நானே பூனா வரை போய் ஜெயித்து வந்திருப்பேனே என்று தோன்றியது. கர்வம் தலைக்கு ஏறிவிட்டது. இந்த மாமா மட்டும் எதற்காக முன்னாலேயே போய்க்கொண்டு ரோட்டை மறைக்கிறார்?

"மாமா, தள்ளிப் போங்க! நீங்க இருக்கதுனால எனக்கு ஒண்ணும் தெரியல!"

மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு, நான் கேட்டபடியே, மெதுவாகப் பக்கவாட்டில் ஒதுங்கினார்.

சைக்கிள் திடீரென்று கனத்தது. அழுத்தி அழுத்தி மிதித்தேன். ரோடு மேடாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.